வடக்குச் சுவரில் இருந்த பெயர்கள்

டிசம்பர் 27, வெள்ளி

முகாம் ஆரம்பித்துவிட்டது. காலை ஏழரைக்கே சத்திரத்து வாசலில் போய் நின்றேன். பேராசிரியர் இருதயராஜ் எட்டே காலுக்குத்தான் கல்லூரிப் பேருந்தில் இருபத்திரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினார். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஏழு நாள் வேலை. எங்கள் ஊர்ப் பழமை காப்புக் குழுவிலிருந்து ஐந்து பேர். ஐந்தில் பெண் நான் ஒருத்திதான், நேரத்துக்கு வந்ததும் நான் ஒருத்திதான்.

புன்னைவிடுதிச் சத்திரம் ராமேஸ்வரம் போகிறவர்கள் தங்கிப் போவதற்காகக் கட்டியது. இருநூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். கொஞ்ச காலம் உரக்கிடங்காக இருந்தது. அதற்குப் பிறகு ஆடுகள், சீட்டாடுகிறவர்கள், காதலர்கள். சுவரெல்லாம் அம்பு தைத்த இதயம். ஒரு மகானுபாவன் மூன்று அறையில் மூன்று பெண் பெயரோடு தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வேலை பணிப் பதிவேடு. தாலுகா அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் தட்டச்சராக இருந்தவளுக்கு வேறு என்ன கொடுப்பார்கள்? தேதி, அறை, சுவர், பணியாற்றியவர், குறிப்பு என்று ஐந்து கட்டம் போட்டு வைத்தேன். முதல் பக்கத்தில் விதிகள் எழுதினேன். நாலாவது விதி: "சுவரில் காணும் கிறுக்கல் எதுவானாலும் துடைத்து அகற்றவும்." பேராசிரியர் படித்துவிட்டு, சுலோசனா அம்மா இருக்கும்போது எனக்கு என்ன கவலை என்றார்.

டிசம்பர் 28, சனி

மேலே பச்சை டிஸ்டெம்பர். அதற்குக் கீழே வருஷா வருஷம் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு, ஒன்றன்மேல் ஒன்றாக. அதற்கும் கீழேதான் பழைய பூச்சு, தொட்டால் வழுவழுவென்று இருக்கிறது. அதுவரை சுரண்டி நிறுத்த வேண்டும். இரும்பு படக்கூடாது, மூங்கில் பத்தைதான். தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, மெல்ல உரிக்க வேண்டும். பையன்கள் அரை மணியில் தோள் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

உட்காராதவள் ஒருத்திதான், மோனிஷா. இரண்டாம் வருஷம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பெயர்ந்த மூலையில் கண்ணை வைத்து, சுண்ணாம்பு எத்தனை அடுக்கு என்று எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டுப் பொங்கல் இருக்கிறது ஆன்ட்டி என்றாள். இந்தப் பிள்ளைக்குத் தலையில் சரக்கு இருக்கிறது.

சாப்பாட்டின்போது பேராசிரியரும் அதையே சொன்னார். சென்னையில் பழஞ்சின்னங்களைப் பாதுகாக்க ஒரு மாதப் பயிற்சி, ஜனவரி இருபதாம் தேதியிலிருந்து. கல்லூரிக்கு ஒரே இடம். அவர் மனதில் மோனிஷாதான். அவளுடைய விண்ணப்பத்தைப் போன வாரம் தட்டச்சு செய்து கொடுத்ததே நான்தான் என்று நாலு பேர் கேட்கச் சொல்லிக்கொண்டேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

இன்றும் ரவா உப்புமா. வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, பதிவு செய்தேன்.

டிசம்பர் 30, திங்கள்

நாளை காலை ஒன்பது மணிக்குக் கோட்டாட்சியர் பார்வையிட வருகிறார். அதற்குள் ஐந்து அறையும் பளிச்சென்று இருக்க வேண்டும். பேராசிரியர் மாவிலை, நாற்காலி என்று வெளியே அலைந்துகொண்டிருந்தார். உள்ளே எல்லாம் என் பொறுப்பு. நாலு அறை முடிந்துவிட்டது. வடக்கு அறை மட்டும் இழுத்துக்கொண்டே போனது. மோனிஷா இன்று ரொம்ப மெதுவாக வேலை செய்தாள்.

நாலரைக்கு வடக்கு அறையும் முடிந்தது. பதிவேட்டில் எழுதிவிட்டேன்.

கை எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது இவர் டிவியிலிருந்து தலையைத் திருப்பி, பதிவேடு எழுதினால் கை வெந்துபோகுமா என்று கேட்டார். சுண்ணாம்பு எல்லா இடத்திலும்தான் கிடக்கிறது என்றேன்.

டிசம்பர் 31, செவ்வாய்

கோட்டாட்சியர் வந்தார், சந்தோஷப்பட்டார், போனார். அதோடு முடிந்திருக்கலாம்.

அவர் போனபிறகு வடக்கு அறையில் சாய்த்து வைத்திருந்த பலகையை எடுத்திருக்கிறார்கள். சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், காவியில் எழுதிய மூன்று வரி. பேராசிரியர் வேட்டியோடு தரையில் படுத்துப் படித்தார். "ஊர் பேர் சொல்லாத ஆண் ஒன்று. ஊர் பேர் சொல்லாத பெண் இரண்டு. தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வந்து இந்தச் சத்திரத்தில் மாண்ட பேர் மேற்கண்டபடி."

நூற்று நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முந்திய பஞ்சம். மேற்கண்டபடி என்றால் மேலே பெயர்கள் இருந்திருக்க வேண்டும். மேலே வெள்ளையாக இருந்தது. கண்ணை இடுக்கிப் பார்த்தால் லேசான ரோஸ் நிறத்தில் ஒரு தீற்றல்.

பதிவேட்டைக் கேட்டார். கொடுத்தேன். "30.12. வடக்கு அறை, வடக்குச் சுவர். மோனிஷா. கிறுக்கல் அகற்றப்பட்டது." என் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும்.

மோனிஷாவைக் கூப்பிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவள், "நான்தான் சார் அந்தச் சுவர்ல இருந்தேன்" என்றாள். யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

ஜனவரி 1, புதன்

பத்திரிகையில் வந்துவிட்டது. பஞ்சத்தில் இறந்தவர்களின் பட்டியல் கண்டெடுப்பு, மாணவி ஒருவரின் அவசரத்தால் பெரும்பகுதி அழிந்தது என்று. நல்லவேளை, பெயர் போடவில்லை. ஆனால் கல்லூரியில் யாருக்குத் தெரியாது?

பதிவேட்டில் ஒரு சுவருக்கு ஒரு பெயர் எழுதத்தான் கட்டம் இருக்கிறது. யாருக்கு ஒதுக்கினேனோ அந்தப் பெயரை எழுதினேன். அதில் பொய் இல்லை. கடைசி நாள் அவசரத்தில் எல்லார் கையும் பட்ட சுவர் அது. என் கையும் பட்டிருக்கும்.

ஜனவரி 3, வெள்ளி

முகாம் நேற்றோடு முடிந்தது. மோனிஷா கடைசி இரண்டு நாளும் வரவில்லை. சத்திரத்துச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பேராசிரியர் போன் செய்தார். பயிற்சிக்கு கோகுலகிருஷ்ணனை அனுப்புகிறாராம். தோள் வலிக்கிறது என்று முதலில் உட்கார்ந்தவன் அவன்தான். பழஞ்சுவரைப் பார்த்தும் நிதானிக்காத பெண்ணை எப்படி அனுப்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பரிந்துரைக் கடிதத்தை நானே தட்டச்சு செய்து தர முடியுமா என்றும் கேட்டார்.

செய்து கொடுத்தேன். ஒரே பக்கம், நாலு முறை கிழித்துப் போட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு நிமிர்ந்தால் வாசலில் ஒரு ஆள். பெயர் காத்தமுத்து, பக்கத்துக் குடியிருப்பு, தேங்காய் உரிக்கிறவர். அறுபது வயது இருக்கும். சத்திரத்துச் சாவி என்னிடம் இருப்பதாகச் சொன்னார்களாம், அந்தச் சுவரைப் பார்க்க வேண்டுமாம். கையில் பத்திரிகையை நாலாக மடித்து வைத்திருந்தார்.

கூட்டிப்போய்த் திறந்துவிட்டேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். சுவருக்கு முன்னால் நின்றுகொண்டே சொன்னார். அவருடைய தாத்தாவின் அப்பாவை இந்தச் சத்திரத்தில்தான் கண்டெடுத்தார்களாம். பஞ்சத்தில் செத்துக் கிடந்த ஒருத்தியின் பக்கத்தில் கைக்குழந்தையாக. கஞ்சி காய்ச்சியவர் எடுத்து வளர்த்து, சத்திரமுத்து என்று பெயர் வைத்திருக்கிறார். ஒவ்வொரு தை அமாவாசைக்கும் இவர்கள் வீட்டில் படையல் போடும்போது செத்தவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்த அம்மாவை மட்டும் கூப்பிடப் பெயர் கிடையாது. இலையைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்பார்களாம். பெயர் சொல்லாமல் எப்படி வருவாள் என்று அவருடைய அப்பா சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

சுவரை ரொம்ப நேரம் பார்த்தார். தொடவில்லை. போகும்போது கேட்டார்: "அழிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதானுங்களே? அழிக்கயில கண்ணுல பட்டிருக்குமே. ஒண்ணு ரெண்டு பேராச்சும் ஞாபகம் இருக்குமாங்கம்மா?"

தெரியாது என்றேன். கேட்டுச் சொல்லுங்கம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜனவரி 7, செவ்வாய்

இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. இதிலேயே நான் பொய் எழுதி வைத்திருக்கிறேன் என்றால் என்னை என்னவென்று சொல்வது? நடந்ததை எழுதுகிறேன்.

முப்பதாம் தேதி மாலை நாலு மணி. வடக்கு அறைக்குப் போனேன். மோனிஷா கடைசி சுண்ணாம்பையும் உரித்துவிட்டிருந்தாள். பழைய பூச்சின்மேல் காவியில் எழுத்து, கோணலாக, ஒன்றன்கீழ் ஒன்றாக. அவள் பத்தையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். இது என்ன கிறுக்கல், துடை என்றேன். இது முப்பத்தெட்டு சுண்ணாம்புக்குக் கீழே இருக்கிறது ஆன்ட்டி, சார் வரட்டும் என்றாள். அவள் சொன்னது எவ்வளவு சரி! சுண்ணாம்புக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கு முந்தியது. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். எனக்குக் காதில் ஏறவில்லை. விடிந்தால் கோட்டாட்சியர் வருகிறார், என் அறை ஒன்று முடியாமல் கிடக்கிறது, இரண்டாம் வருஷப் பெண் எனக்குப் பாடம் எடுக்கிறாள். அவ்வளவுதான் தோன்றியது.

அவளை நகரச் சொல்லிவிட்டு, சோப்புத் தண்ணீரில் தேங்காய் நாரை முக்கி, நானே தேய்த்தேன். மேலிருந்து கீழாக. கை வலித்தபோது நிறுத்தி, அடியில் மிச்சம் இருந்ததைப் பலகை வைத்து மறைத்தேன். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து பதிவேட்டில் மோனிஷா என்று எழுதினேன்.

இன்று காலை சாம்பார் தாளிக்கும்போது "வெள்ளையம்மா" என்று வாயில் வந்தது. யார் வெள்ளையம்மா என்று இவர் கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தட்டச்சருக்கு ஒரு வியாதி உண்டு. புத்தி எங்கே போனாலும் கண் ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டே இருக்கும். தேய்க்கத் தேய்க்கப் படித்திருக்கிறேன். வெள்ளையம்மா, பூச்சி, கருப்பாயி, மூக்கன், நாச்சி, வீராயி... கண்ணை மூடினால் சுவர் தெரிகிறது.

அந்தப் பெயர்கள் இனி உலகத்தில் என் தலைக்குள் மட்டும்தான் இருக்கின்றன. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

ஜனவரி 9, வியாழன்

மோனிஷா வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விண்ணப்பமெல்லாம் தட்டச்சு பண்ணிக் கொடுத்தீர்களே, பிள்ளைதான் கெடுத்துக்கொண்டது என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார். டீயை எப்படிக் குடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

மோனிஷா தெருமுனை வரைக்கும் கூட வந்தாள். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க பேனாவை மூடிட்டு நின்னீங்க. அதப் பாக்கவே எனக்கு வெக்கமாப் போச்சு ஆன்ட்டி. அப்புறம் நான் சொன்னா யாரு நம்புவாங்க? உங்க நோட்டுல எம் பேருதான இருக்கு."

பெயர்கள் ஞாபகம் இருப்பதைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. பெயர்கள் என்று தெரிந்ததே தவிர, அந்தக் கோணல் எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் நான் தேய்த்துவிட்டேனாம். கோபத்தில் சிவந்திருந்த பெண், பையிலிருந்து பேனாவை எடுத்து, சொல்லுங்க சொல்லுங்க என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அந்தச் சுவர்தான் முக்கியம். நான் சொல்லவில்லை. பேராசிரியரிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். என்றைக்கு என்று கேட்டாள். நாளைக்கு என்றேன்.

ஜனவரி 10, வெள்ளி

பொங்கல் வருகிறது. பரணில் இருந்த பாத்திரம் எல்லாவற்றையும் இறக்கித் தேய்த்தேன். திரைச்சீலை துவைத்தேன். நேரமே இல்லை.

ஜனவரி 13, திங்கள்

பேராசிரியருக்குப் போன் செய்தேன். பொங்கல் வாழ்த்துச் சொன்னேன். வைத்துவிட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

கல்லூரியில் அவருடைய அறை. நடந்ததை ஒரு பக்கமும், நினைவில் இருந்த பெயர்களை ஒரு பக்கமும் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. முதல் பக்கத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பெண்ணை அத்தனை பேர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டேனே அம்மா என்றார். அதையே இரண்டு மூன்று முறை சொன்னார்.

பயிற்சிக்கு மோனிஷாவை மாற்றி அனுப்பக் கேட்டேன். சென்னைக்கு அப்போதே போன் போட்டார். பெயர் மாற்ற முடியாதாம், பட்டியல் முடிந்துவிட்டதாம், அடுத்த வருஷம் பார்க்கலாமாம். அடுத்த வருஷம் அவளுக்குக் கடைசி வருஷம். அவளுடைய அப்பா அதற்குள் அவளை ஏதாவது வேலைக்கு அனுப்பிவிடுவார்.

பதிவேட்டில் மோனிஷா என்பதை அடித்து, என் பெயரை எழுதி, தேதி போட்டேன். குழுவிலிருந்து நானே விலகிக்கொள்வதாகச் சொன்னேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

இரண்டாம் பக்கத்தைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். மொத்தம் பதினோரு பெயர் எழுதியிருக்கிறேன். சுவரில் நாற்பதாவது இருந்திருக்கும். கடைசியாகத் தெளிவாக நினைவில் இருப்பது சடையன். சடையனுக்கு அடுத்த வரியில் ஒரு பெண் பெயர். அதன் பக்கத்தில் "கைக்குழந்தை பிழைத்தது" என்று இருந்தது. அந்த இரண்டு சொல்லும் காவி நிறத்தோடு கண்ணில் நிற்கிறது. அதற்கு முன்னால் இருந்த பெயர் இல்லை. பத்து நாளாக முட்டிப் பார்க்கிறேன், வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் மோனிஷா, "ஆன்ட்டி, நில்லுங்க, பேரு பேரா இருக்கு" என்று கத்தினாள். நான் தேய்ப்பதை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பி, வாயை மூடு என்றேன்.

ஜனவரி 28, செவ்வாய்

நாளை தை அமாவாசை. காத்தமுத்துவைச் சத்திரத்துக்கு வரச்சொல்லியிருந்தார் பேராசிரியர். என்னை வரச்சொல்லவில்லை. போனேன். அவரிடம் நானே சொல்ல வேண்டும் என்று பட்டது. மோனிஷா எனக்கு முன்னால் வந்து, சுவரடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அழித்தது இந்தப் பெண் இல்லை, நான் என்றேன். அன்றைக்கு நீங்கள் கேட்டபோது, அழித்தது வேறு யாரோ என்பதுபோல நின்றதும் பொய் என்றேன். அவர் மோனிஷாவைத்தான் முதலில் பார்த்தார். பத்திரிகை படித்துவிட்டு உன்னை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேனே தாயி என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். குழந்தை பிழைத்த வரியைப் பற்றிச் சொன்னேன். பெயர் மட்டும் நினைவில்லை என்றேன்.

காத்தமுத்து குனிந்து சுவரின் அடியைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "மொத எழுத்தாச்சும் வருதாங்கம்மா?"

இங்கேதான் எனக்குப் புத்தி தடுமாறியது. ஒரு பெயர் சொன்னால் என்ன? காளியம்மா, ராக்காயி, அந்தக் காலத்துப் பெயர் ஆயிரம் இருக்கிறது. சொன்னால் இந்த மனிதர் முகம் மலரும். நாளைக்கு நாலு தலைமுறைக்குப் பிறகு முதல் தடவையாக அந்த இலைக்கு முன்னால் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். யாருக்கு நஷ்டம்? சரிபார்க்க யாரால் முடியும்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மோனிஷா எழுதுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலீங்க. எனக்குத் தெரியல" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். மற்ற பெயர்களைப் படிக்கச் சொன்னார். மோனிஷா எழுந்து நின்று, பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அவர் ஒவ்வொரு பெயரையும் முணுமுணுவென்று திருப்பிச் சொல்லிக்கொண்டார். சடையன் வந்ததும் அவள் நிறுத்தினாள். அவர் விரல்விட்டு எண்ணி முடித்திருந்தார்.

"இந்தப் பதினோரு பேருக்கும் நாளைக்கு எல போட்டுர்றேன். யாரு பெத்த புள்ளைங்களோ, பாவம்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, கோபம் இருந்திருக்கலாம். "நீங்க ஒண்ணும் தேட வேணாம்மா. இந்தப் பதினொண்ணுல எது இல்லையோ, அதான் எங்க ஆத்தா பேரு."